சென்னை வீட்டுக்கு எந்த எலிப்பொறி? கடையில் கிடைப்பவற்றின் நிறை குறை

பாரிமுனைச் சந்துகளிலோ உங்கள் பேட்டை ஹார்டுவேர் கடையிலோ போய் "எலிப்பொறி இருக்காண்ணே" என்று கேட்டால் நாலைந்து சாமான்களை எடுத்துப் போடுவார்கள். பழைய மரப்பெட்டி, கம்பி சுண்டி அடிக்கிற பொறி, அதே வேலையைச் செய்யும் பிளாஸ்டிக் கிளிப், கம்பிக் கூண்டு, பசை அட்டை. கூடவே கேக் மருந்து ஒரு பாக்கெட். எது வேண்டும் என்று கேட்பார்கள். உங்கள் வீட்டில் இருப்பது என்ன எலி என்று கேட்க மாட்டார்கள். ஆனால் முதலில் தெரிய வேண்டியது அதுதான். சுண்டெலிக்கு வாங்கிய பொறியைப் பெருச்சாளி இழுத்துக்கொண்டு போய்விடும். பெருச்சாளிக்கு வாங்கிய கூண்டின் கம்பி இடைவெளியில் சுண்டெலி உள்ளே போய், வடையைத் தின்றுவிட்டு, அதே இடைவெளியில் வெளியே வந்துவிடும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

சென்னை வீடுகளில் வருபவை மூன்று வகை எலிகள். நாலாவதாக ஒன்று வரும், அது எலியே இல்லை.

சுண்டெலி 12 முதல் 20 கிராம்தான் இருக்கும். அலமாரி, அரிசி டின், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் என்று வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். புழுக்கை அரிசிக் குருணை அளவு, 3 முதல் 6 மில்லிமீட்டர். வீட்டெலி அதைவிடப் பெரியது, சாதாரணமாக 100 முதல் 200 கிராம். உடம்பைவிட வால் நீளம். இது ஏறுகிற சாதி. தென்னை மட்டை, கேபிள் ஒயர், கழிவுநீர்க் குழாய், ஃப்ளாட்டின் டக்ட் வழியாக நாலாவது மாடிக்கும் வந்து பரணில், ஃபால்ஸ் சீலிங்கில் தங்கும். புழுக்கை ஏறத்தாழ அரை அங்குலம், முனை கூர்மையாக இருக்கும். மூன்றாவது பெருச்சாளி. இது ஏறாது, தோண்டும். சாக்கடை, தோட்டம், கார் நிறுத்துமிடம், தரைத்தள சமையலறை இவையெல்லாம் அதன் எல்லை. பெரிய பெருச்சாளி ஒரு கிலோவையும் தொடும்.

நாலாவது மூஞ்சூறு. நீண்ட மூக்கு, கடுகு மாதிரிக் கண், கஸ்தூரி போன்ற ஒரு நெடி. சுவரோரமாகக் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு ஓடும். இது தானியத்தைத் தொடுவதைவிடக் கரப்பானையும் பூச்சிகளையும் தின்பதே அதிகம். ஒயரைக் கடித்து அறுக்கும் உளிப்பற்கள் இதற்குக் கிடையாது. பொறியில் வீணாகச் செத்துப்போகும் உயிர்களில் இது முதலிடம். பிள்ளையார் வாகனம் என்பதற்காக மட்டுமல்ல, கரப்பானைக் குறைக்கும் பிராணி என்பதற்காகவும் இதை விட்டுவிடுவதுதான் சரி. வெளியே போக ஒரு கதவைத் திறந்து வையுங்கள், போதும்.

வீட்டில் இருப்பது எது என்று கண்டுபிடிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. வாசலில் போடுகிற வெள்ளைக் கோலப்பொடி. அரிசி மாவு கூடாது, தின்றுவிடும். கல்பொடிதான் வேண்டும். சந்தேகப்படும் சுவரோரத்தில், ஒரு சாண் அகலத்துக்கு, விரலால் தேய்த்தால் கோடு விழும் அளவுக்கு மெல்லிசாகத் தூவிவிட்டுப் படுங்கள். காலையில் கால்தடமும், நடுவில் வால் இழுத்த கோடும் தெரியும். எலிக்கு முன்னங்காலில் நாலு விரல் பதியும், பின்னங்காலில் ஐந்து. மூஞ்சூறுக்கு எல்லாக் காலிலும் ஐந்து. எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்த ஓட்டைக்குப் போனது என்பதையும் அந்தப் பொடியே காட்டிக்கொடுக்கும். பொறி வைக்க வேண்டிய இடம் அதுதான். இதைச் செய்யாமல் வாங்கிய பொறி பெரும்பாலும் மேடைக்கு நடுவிலோ கதவுக்குப் பக்கத்திலோ வெறுமனே கிடக்கும்.

கம்பி சுண்டி அடிக்கும் பொறி

சுண்டெலிக்கும் வீட்டெலிக்கும் இதுதான் எங்கள் முதல் தேர்வு. மரப்பலகை மேல் சுருள் கம்பி, அடிக்கும் சட்டம், வடை வைக்கும் தகடு, சட்டத்தைப் பிடித்திருக்கும் கொக்கி, இவ்வளவுதான். விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. சரியாக அடித்தால் கழுத்திலோ மண்டையிலோ அடித்து நொடியில் கொன்றுவிடும். சித்திரவதை இல்லை. விடிந்தபின் உயிரோடு ஒரு பிராணியை என்ன செய்வதென்று கையைப் பிசைய வேண்டியதும் இல்லை.

இரண்டு அளவில் வரும். சுண்டெலிப் பொறி சுமார் நாலங்குல நீளம், வீட்டெலிப் பொறி சுமார் ஏழங்குலம். "பெரிசா வாங்கினா ரெண்டுக்கும் ஆகும்" என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். பெரிய பொறியின் தகடு சுண்டெலியின் எடைக்கு அசையாது. வடையை நக்கிவிட்டுப் போய்விடும்.

வாங்கும்போது கடையிலேயே ஒரு பொறியைப் பூட்டச் சொல்லி, பழைய பென்சிலால் தகட்டைத் தட்டிப் பாருங்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும். லேசாகத் தட்டினாலே விடுபட வேண்டும்; அழுத்தினால்தான் விடுபடும் என்றால் கொக்கி முனை நீளம், அல்லது தகடு இறுக்கம். அடித்தபின் சட்டம் பலகையோடு முழுதாகப் படிய வேண்டும். ஓர் ஓரம் தூக்கி நின்றால் சுருள் ஒரு பக்கம் தளர்வு, எலி அரைகுறையாக மாட்டித் துடிக்கும். பென்சிலில் ஆழமான பள்ளம் விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்தச் சுருளுக்கு வலு இல்லை. பத்துப் பொறியில் இரண்டு மூன்று தேறாமல் போவது சாதாரணம். அதனால்தான் ஆன்லைனில் டஜன் கணக்கில் வாங்குவதைவிடக் கடையில் தட்டிப் பார்த்து வாங்குவது மேல்.

பிளாஸ்டிக் கிளிப் பொறி இதே வேலையைச் செய்யும். துணி கிளிப் மாதிரி பின்னால் அழுத்தினால் வாய் திறந்து பூட்டிக்கொள்ளும், விரல் நசுங்கும் பயம் குறைவு. கழுவலாம், மழைக்காலத்தில் ஊறாது. மரப்பலகையோ ஐப்பசி ஈரத்தில் உப்பி, ஆணி தளர்ந்து, கொக்கி இடம் மாறிவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல்காற்றில் சுருள் ஒரே பருவத்தில் துருப்பிடிக்கும். துருவைத் தடுக்க மெஷின் ஆயில் போடாதீர்கள், அந்த வாடைக்கு எலி கிட்டே வராது. தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு போதும். கிளிப் மாடலில் குறை என்னவென்றால் மலிவானவற்றில் பல் முனைகள் ஒன்றோடொன்று சேராது. மூடிய நிலையில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் சுண்டுவிரல் நுழையும் சந்து இருந்தால் சுண்டெலிக்கு அது உதவாது.

எத்தனை வாங்குவது? புதிதாக ஆரம்பிப்பவர்கள் செய்யும் பெரிய தப்பு ஒன்றே ஒன்று வாங்குவதுதான். இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டுக்கு ஆறு பொறி வாங்கி, ஆறையும் ஒரே ராத்திரியில் வையுங்கள். முதல் இரண்டு ராத்திரியில் விழுவதுதான் அதிகம். தினம் ஒரு பொறி என்று வைத்தால் மிச்சம் இருப்பவை உஷாராகிவிடும். சுண்டெலிக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்று. அது தன் வளையிலிருந்து அதிக தூரம் போகாது. வீட்டெலி நடமாட்டம் பெரிது, அதற்குப் போக்குவரத்துப் பாதையில் மட்டும் வைத்தால் போதும்.

வைக்கும் விதம்: எலி திறந்த வெளியில் நடக்காது, மீசை சுவரில் உரசியபடிதான் ஓடும். அதனால் பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, வடைத்தகடு சுவரைத் தொடும்படி வையுங்கள். சுவருக்கு இணையாக வைத்தால் எலி பின்பக்கமாக ஏறிச் சட்டத்தை மிதித்து, பொறி விடுபட்டு, காலையில் காலியாகக் கிடக்கும். இடம் குறுகலாக இருந்தால் இரண்டு பொறியை முதுகோடு முதுகு சேர்த்து, தகடுகள் வெளிப்பக்கம் பார்க்கும்படி வைக்கலாம். எந்தத் திசையில் வந்தாலும் தகட்டைத்தான் முதலில் தொடும். பரணில் வைப்பதாக இருந்தால் பொறியில் ஓட்டை போட்டுக் கம்பியால் கட்டுங்கள். அடிபட்ட எலி பொறியோடு சாமான்களுக்குப் பின்னால் போய்ச் செத்தால் நாற்றம் ஒரு வாரத்துக்குப் போகாது.

இரை விஷயத்தில் மசால்வடைக்கு ஈடில்லை என்பது ஊர்ப்பேச்சு. பாதி உண்மைதான். எண்ணெய் வாடை இழுக்கும். ஆனால் ஒரே ராத்திரியில் காய்ந்து கல்லாகும், உதிர்ந்த துண்டை எலி தகட்டை அசைக்காமல் பொறுக்கிவிடும். சுட்ட தேங்காய்ச் சில்லு அதைவிட நல்லது. நூலால் தகட்டில் கட்டிவிட்டால் இழுத்துக் கடிக்கத்தான் வேண்டும், இழுத்தால் பொறி விடுபடும். வேர்க்கடலை வெண்ணெய் பட்டாணி அளவு தடவினால் நக்கியே ஆக வேண்டும், அதுவும் நல்ல இரை. அளவு கூடினால் ஓரத்திலிருந்தே தின்று முடித்துவிடும். நெத்திலிக் கருவாட்டுக்கு எலி வரும், மூஞ்சூறும் வரும். மூஞ்சூறு நடமாடும் வீட்டில் கருவாட்டைத் தவிர்த்துத் தேங்காயோ கடலையோ வையுங்கள். எறும்பு மொய்த்த இரையை எலி தொடாது. தினம் சாயங்காலம் இரையை மாற்றுவதைத் தவிர அதற்கு நல்ல வழி இல்லை.

இனி, பெரும்பாலோருக்குத் தெரியாத ஒன்று. சுண்டெலிக்குப் புதுச் சாமான் என்றால் ஆவல், முதல் ராத்திரியே முகர்ந்து பார்க்கும். வீட்டெலியும் பெருச்சாளியும் நேர்மாறு. நேற்று இல்லாத பொருள் இன்று பாதையில் இருந்தால் சுற்றிக்கொண்டு போகும், சில நாள் அந்தப் பக்கமே வராது. "பொறி வெச்சேன், நாலு நாளா எதுவும் விழல" என்று சொல்பவர்கள் அங்கேதான் தோற்கிறார்கள். வீட்டெலிக்குப் பொறியைப் பூட்டாமல், இரை மட்டும் வைத்து, மூன்றிலிருந்து ஐந்து நாள் விடுங்கள். இரண்டு ராத்திரி தொடர்ந்து இரை காலியானால் மூன்றாம் ராத்திரி எல்லாவற்றையும் பூட்டுங்கள். இந்தப் பொறுமைதான் பாதி வேலை. அந்த நாட்களில் சமையலறையில் வேறு தீனி கிடைக்கக் கூடாது: குப்பைக்கூடைக்கு மூடி, எச்சில் பாத்திரத்தை ராத்திரியே கழுவுவது, வெங்காய உருளைக்கிழங்குக் கூடையைத் தூக்கி வைப்பது. தட்டு நிறையச் சாப்பாடு இருக்கும் வீட்டில் தேங்காய்ச் சில்லுக்கு யார் வருவார்கள்?

மரப்பெட்டியும் கம்பிக் கூண்டும்

பாட்டி காலத்து மரப்பெட்டியில் பின்னால் கம்பி வலை, முன்னால் சுண்டி மூடும் கதவு, உள்ளே கொக்கியில் வடை. எலியை உயிரோடு பிடிக்கும். நல்ல தச்சர் செய்த பெட்டி இருபது வருஷம் உழைக்கும். இப்போது கிடைப்பவை பெரும்பாலும் மெல்லிய பலகை. வீட்டெலி ஒரே ராத்திரியில் மூலையைக் கடித்துத் துளைத்துவிடும். வாங்கினால் உள்மூலைகளில் தகடு அடித்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

கம்பிக் கூண்டு அதைவிட உறுதி. பார்க்க வேண்டியது கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. அரை அங்குல இடைவெளியில் சுண்டெலி சாவகாசமாக நுழைந்து வெளியேறும். சுண்டெலிக்குக் கால் அங்குல வலை போட்டதுதான் வேண்டும். கதவு மூடியபின் தாழ்ப்பாள் தானாக விழுகிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லாத கூண்டின் கதவைப் பெருச்சாளி மூக்கால் நெம்பித் தூக்கிவிடும். புனல் மாதிரி நுழைவாயில் வைத்து ஒரே ராத்திரியில் பல எலிகளைப் பிடிக்கும் கூண்டுகளும் உண்டு. அரிசி மண்டி, ஹோட்டல் சரக்கறைக்கு அவை நல்லவை. வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

கூண்டு வாங்கும் முன் ஒன்றை வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: பிடிபட்ட எலியை என்ன செய்யப் போகிறீர்கள்? நகரத்தில் பெரும்பாலோர் செய்வது அடுத்த தெருக் காலி மனையில் விடுவது. அந்தத் தெருக்காரர் வீட்டுக்கு அதை அனுப்புவதுதான் இது. கிட்டத்தில் விட்டால் திரும்பி வரும், தூரத்தில் விட்டால் புது இடத்தில் வளை தெரியாமல் நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும். வாளித் தண்ணீரில் கூண்டோடு அமுக்குவது இன்னும் மோசம். பல நிமிஷம் துடித்துச் சாகும், அது சந்தேகமில்லாமல் கொடுமை. இந்தக் கேள்விக்கு விடை இல்லாதவர்கள் கூண்டு வாங்காமல் அடிக்கும் பொறி வாங்குவதுதான் எலிக்கும் நல்லது. கூண்டு வைத்தாலும் காலை ஆறு மணிக்குள் பார்த்தே ஆக வேண்டும். மொட்டை மாடி வெயிலில் மத்தியானம் வரை மறந்துவிட்ட கூண்டு எந்த மருந்தைவிடவும் கொடூரம்.

பெருச்சாளிக்குத் தனி வைத்தியம்

தரைத்தளத்தில் இருப்பவர்களின் பாடு இது. பெருச்சாளிக்கு வீட்டு அளவுப் பொறிகள் எதுவும் பத்தாது. பெரிய, கனமான கம்பிக் கூண்டு, தரையில் ஆணியடித்தோ செங்கல் பாரம் வைத்தோ நிறுத்தியது வேண்டும். இரையும் பெரிதாக வேண்டும், அரைத் தேங்காய் மூடி மாதிரி.

அதற்கு முன் எந்த வளையில் ஆள் இருக்கிறது என்று பாருங்கள். சாயங்காலம் தோட்டத்தில் உள்ள எல்லா வளைகளையும் ஈரமண்ணால் அடைத்துவிடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ, எதன் வாயில் புதுமண் குவிந்திருக்கிறதோ, அதுதான் உயிருள்ள வளை. மற்றவற்றுக்காகக் காசையும் நேரத்தையும் செலவழிக்க வேண்டாம். செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்க இருளர்கள் வயலில் வளையின் வாயைப் பார்த்தே உள்ளே எலி உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். துளை போட்ட மண்சட்டியில் வைக்கோல் புகை போட்டு வாயால் ஊதி எலி பிடிப்பது அவர்கள் மரபு. உதடும் கையும் வெந்துபோகும் வேலை அது. காவிரிப் படுகையில் மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் தஞ்சாவூர் கிட்டியும் அதே வகை வயல் அனுபவத்தில் பிறந்ததுதான். இவை வயலுக்கானவை. வீட்டுச் சுவரை ஒட்டிய வளையில் புகை போடுவதும் வெந்நீர் ஊற்றுவதும் அஸ்திவாரத்துக்குக் கேடு.

பசை அட்டை: வாங்கவே வேண்டாம்

கடையில் க்ளூ பேட் என்று கேட்டால் உடனே கொடுப்பார்கள், சூப்பர் மார்க்கெட்டிலும் தொங்கும். விலை மலிவு, வைப்பது சுலபம். ஆனாலும் இந்தப் பட்டியலில் கடைசி இடம் இதற்குத்தான். ஒட்டிக்கொண்ட எலி உடனே சாகாது. தோலும் ரோமமும் பிய்ந்து, மூச்சுத் திணறி, தாகத்தால் மணிக்கணக்கில் துடிக்கும். பயத்தில் சிறுநீர் கழிக்கும். எலிக்காய்ச்சல் கிருமி அதில்தான் இருக்கிறது. கையாளும் ஆளுக்கும் அது ஆபத்து. இந்திய விலங்கு நல வாரியம் பசைப் பொறிக்கு எதிராக மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. 1960ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு தேவையற்ற வேதனையைக் குற்றமாக்குகிறது.

வேலையிலும் சுமார்தான். சென்னைத் தூசியில் இரண்டே நாளில் பசை காய்ந்து மேலே படலம் படியும். ஈரக்காலோடு வரும் எலி ஒட்டாது. பெருச்சாளி அட்டையோடு நடந்து போய்விடும். ஒட்டுவதெல்லாம் பல்லி, மூஞ்சூறு, அணில் குட்டி. அப்படி ஏதாவது ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு சமையல் எண்ணெயைப் பசைமேல் சொட்டுச் சொட்டாக விட்டு, அது இளகியபின் மெதுவாக விடுவியுங்கள்.

மருந்து

வீட்டுக்குள் மருந்து வேண்டாம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. ஏன் என்று வகைவாரியாகச் சொல்ல வேண்டும்.

பற்பசை மாதிரி ட்யூபில் வந்த மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசைக்குத் தமிழ்நாட்டில் தடை. கல்லீரலை அழிக்கும், மாற்று மருந்து கிடையாது. எங்காவது பழைய சரக்கு நீட்டினால் வாங்காதீர்கள். சிங்க் பாஸ்பைடு கருஞ்சாம்பல் நிறப் பொடி. ஈரமும் அமிலமும் பட்டால் பாஸ்பின் வாயு கிளம்பும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை தானியக் கிடங்குக்கானது. காற்றின் ஈரம் பட்டாலே அதே வாயு. பொதுமக்களுக்கு அதை விற்கவே கூடாது. 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்திருந்த வீட்டில் ஏசி போட்டுப் படுத்த குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் இறந்துபோனார்கள். மூடிய அறையில் மருந்துப் பொடி என்பதை அதற்குப் பிறகும் யாராவது சாதாரணமாக நினைத்தால் தடுத்து நிறுத்துங்கள். பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்கள் வந்தால் மருந்தின் பெயரை லேபிளோடு காட்டச் சொல்லுங்கள், உரிமத்தைக் கேளுங்கள், எங்கெங்கே எத்தனை வைத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். படுக்கையறைக்குள் எதையும் வைக்க விடாதீர்கள்.

மிச்சம் இருப்பது நீலமாகவோ பச்சையாகவோ வரும் கேக். உள்ளே 0.005 சதவீதம் புரோமடியோலோன். இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்லும்; தின்ற எலி சாக மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். இதற்கு மட்டும் மாற்று மருந்து உண்டு, வைட்டமின் கே. ஆனால் அந்த ஒரு வாரத்தில் எலி எங்கே போய்ச் சாகும் என்பது உங்கள் கையில் இல்லை. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே செத்தால் ஆசாரியைக் கூப்பிட்டுப் பிரிக்க வேண்டும். மருந்து தின்று தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்கிற பூனைக்கும் கூகைக்கும் அதே விஷம் ஏறும். வெளிச்சாக்கடைப் பெருச்சாளிக்கு வேறு வழியே இல்லை என்றால் பூட்டுப்போட்ட மருந்துப் பெட்டிக்குள் வைத்துப் பயன்படுத்தலாம். திறந்த தரையில் ஒருபோதும் கூடாது.

சத்தம் எழுப்பி எலியை விரட்டும் என்று விற்கும் ப்ளக் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சத்தம் சுவரையும் சாமானையும் தாண்டாது, எலிக்குச் சில நாளில் பழகிவிடும். அமெரிக்காவின் வணிக ஆணையம் 2001லேயே இவற்றை விற்பவர்களுக்கு, ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

ஏர் கன் வாங்கலாமா?

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஏர் ரைஃபிளால் எலி சுடுவதைப் பொழுதுபோக்காக ஆரம்பிக்க நினைக்கும் இளைஞர்கள் இப்போது நிறைய. 2016 ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதனால் எதையும் எங்கும் சுடலாம் என்று ஆகாது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் காக்கை, பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி ஆகியவை தீங்குயிர் என்று ஐந்தாம் அட்டவணையில் இருந்தன. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. காக்கையைச் சுடலாம் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. கீரி, சாரைப்பாம்பு எல்லாம் பாதுகாக்கப்பட்டவை; அவை இரண்டும் எலி பிடிப்பதில் நம் எந்தப் பொறியையும்விடக் கெட்டி.

எலியைச் சுடச் சட்டம் தடுக்காவிட்டாலும் சென்னை வீட்டில் அது நடக்காத காரியம். ஈயக் குண்டு டைல்ஸிலும் சிமெண்டிலும் பட்டுத் தெறித்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும். பக்கத்து வீட்டு ஜன்னல் பத்தடியில் இருக்கிறது. ராத்திரி வெளிச்சத்தில் மூஞ்சூறா எலியா என்று தெரியாது. குறி பார்ப்பதில் ஆசை இருந்தால் ரைஃபிள் கிளப்பில் 10 மீட்டர் காகித இலக்கு இருக்கிறது, பயிற்சி தரவும் ஆள் இருக்கிறார்கள். அது தனியாகவே ஒரு நல்ல பொழுதுபோக்கு. எலிக்குப் பொறிதான்.

செத்த எலியை எடுக்கும் விதம்

எலிக்காய்ச்சலின் கிருமி எலியின் சிறுநீரில் வருவது. கையில் கீறல் இருந்தால் அதன் வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் உடம்பில் ஏறும். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் எலி, பொறி, சுற்றியுள்ள தரை எல்லாவற்றின் மேலும் ப்ளீச் கரைசலைத் தெளியுங்கள்: திரவ ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. பத்து நிமிஷம் ஊறட்டும். பிறகு எலியை ஒரு பையில் போட்டு முடிந்து, அதை இன்னொரு பையில் போட்டு முடிந்து குப்பைவண்டிக்குக் கொடுங்கள். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும், நனைத்துத் துடையுங்கள். பொறியைத் திரும்பப் பயன்படுத்தலாம். சோப்பு போட்டுத் தேய்த்து மணத்தைப் போக்க வேண்டியதில்லை, எலி வாடை அடுத்த எலியை விரட்டாது.

எலி கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். பொறி வேலை செய்த சில வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் எலி கையாண்டதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வைரல் காய்ச்சல் என்று இரண்டு நாள் போய்விடும்.

ஓட்டை அடைக்காமல் பொறி வைத்துப் பயனில்லை

வீட்டெலி சுமார் 22 நாளில் குட்டி போடும், ஒரு ஈற்றுக்கு ஆறேழு. உள்ளே இருப்பதைப் பிடித்தபின் வழியை அடைக்கவில்லை என்றால் மாதாமாதம் பொறி வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பென்சில் நுழையும் சந்தில் சுண்டெலி நுழையும், கட்டைவிரல் நுழையும் சந்தில் குட்டி வீட்டெலி நுழையும். ஏசியின் செம்புக்குழாய் போகும் ஓட்டை, வாஷிங் மெஷின் கழிவுக்குழாய், சிங்க் அடியில் பைப் இறங்கும் இடம், குளியலறை வென்டிலேட்டர், கதவின் அடிச்சந்து. இந்த ஐந்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபோம் அடைப்பான் மட்டும் போட்டால் ஒரே ராத்திரியில் கடித்துத் தள்ளும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை முதலில் திணித்து, அதன்மேல் சிமெண்ட் பூசுங்கள். வென்டிலேட்டருக்குக் கால் அங்குல ஜி.ஐ. வலை, கொசுவலை நைலான் பத்தாது. கதவடிக்கு அலுமினியப் பட்டை. சமையலறை ஜலதாரைக்குக் கனமான மூடி, திருகிப் பூட்டும் வகை.

அடைக்கும் வரிசையும் முக்கியம். முதலில் பொறி, விழுவது நின்று மூன்று ராத்திரி கோலப்பொடி சுத்தமாக இருந்தபின் அடைப்பு. முந்தி அடைத்துவிட்டால் எலி உள்ளேயே மாட்டிக்கொண்டு, வெளியேற வழி தேடி ஒயரையும் மரக்கதவையும் அறுக்கும்.

வாங்கும் காலமும் ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி மழைநீர்க் கால்வாய்கள் நிரம்பினால் பெருச்சாளிகள் வளையை விட்டு மேலேறி வீட்டைத் தேடும். அந்த வாரத்தில் போனால் நல்ல கூண்டுகள் முதலில் விற்றுப்போயிருக்கும், மிஞ்சியதைத் தட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டிவரும். செப்டம்பரிலேயே வாங்கி, பூட்டாமல், தேங்காய்ச் சில்லோடு சுவரோரத்தில் வைத்துப் பழக்கிவிடுங்கள்.